ஏழாம் அத்தியாயத்தில் அண்ணன் சிரிக்கிறான்

மொந்தேவிதேயோ,
9 மார்ச் 1987

அன்புள்ள அண்ணனுக்கு,

நிபியா எழுதுகிறேன். நான், ருபென், யனினா மூவரும் சுகம். ருபெனுக்கு மட்டும் பழைய முதுகுவலி. அதைச் சொல்லிப் பெண்டாட்டி கையால் மாத்தே டீ கலந்து வாங்கிக் குடிக்கிறார். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? அண்ணியின் இருமல் நின்றதா? உன் ஆரஞ்சு மரங்கள் மழை பார்த்தனவா?

இந்தக் கடிதம் சேர்வதற்குள் பஸ்ஸில் உன் பெயருக்கு ஒரு பொட்டலம் வந்திருக்கும். உள்ளே தட்டச்சு செய்த இருபத்திரண்டு பக்கங்கள், என் புது நாவலின் ஏழாம் அத்தியாயம். வாசித்ததும் உனக்குப் புரிந்துவிடும். 1951ல் அப்பா லாஞ்சுப் படகில் ஏறி, ஆற்றுக்கு அக்கரையில் கொன்கோர்தியாவுக்குப் போய் அந்தப் பெண்ணோடு தங்கிவிட்ட நாள்தான். மற்ற அத்தியாயங்களை எழுதிக் கிழித்து, மறுபடி எழுதினேன். இது மட்டும் நாலே நாளில் வந்தது, ஒரு வரிகூட அடித்துத் திருத்தவில்லை. பதினொரு வயதில் ரொட்டிக்கடை மாடியில் நின்று கண்ணால் பார்த்ததை எழுத அடித்தல் திருத்தல் எதற்கு? நீ அப்பாவின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவரோடு துறைக்குப் போகிறாய். சிரித்துக்கொண்டே போகிறாய். நான் வீட்டுக்கு ஓடி வந்தால் அம்மா ஜன்னலோரம் நிற்கிறாள். அப்பா நம்மிடம் சொல்லாமல் ஓடினார், அதற்கு நீ துணை போனாய். இதை நாம் முப்பத்தாறு வருஷமாகப் பேசியதில்லை. இனிப் பேசவும் வேண்டாம், எழுதிவிட்டேன்.

பெயர்களை எல்லாம் மாற்றியிருக்கிறேன். உனக்கு ஹூலியோ என்று பெயர். இரண்டே விஷயம் நீ சரிபார்க்க வேண்டும்: லாஞ்சு என்ன நிறம்? மத்தியானம் எத்தனை மணிக்குப் புறப்பட்டது? பதிப்பாளர் முழுப் பிரதியை ஆகஸ்ட் கடைசிக்குள் கேட்கிறார். அம்மாவுக்கு இப்போது தெரிய வேண்டாம். அச்சில் வந்த பிறகு அண்ணி வழக்கம்போல வாசித்துக் காட்டட்டும்.

அம்மாவுக்கு என் முத்தங்கள்.

உன் தங்கை,
நிபியா


சால்தோ,
30 மார்ச் 1987

அன்புள்ள நிபியா,

உன் கடிதமும் பொட்டலமும் கிடைத்தன. நாங்கள் நலமாக இருக்கிறோம். அம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, ஆனால் வாய் நன்றாக இருக்கிறது. எலிடாவுக்கு இருமல் போய்விட்டது.

மழை இல்லை. மழைக்குப் பதிலாக இலைவெட்டி எறும்பு வந்திருக்கிறது. கீழ்த்தோட்டத்தில் ஒரே வாரத்தில் பதினாறு இளம் மரங்களை மொட்டையடித்துவிட்டது. புற்றைத் தேடிக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று நாள் ஆயிற்று. வேலிக்கு அந்தப் பக்கம், பக்கத்துக்காரன் நிலத்தில் இருந்தது. அவனோ தன் எறும்பு என் மரத்தைத் தின்னாது என்று சாதிக்கிறான். பழக்கொட்டகைக் கூரையின் தகரத்தையும் மாற்ற வேண்டும்.

லாஞ்சு வெள்ளை நிறம், பச்சைப் பட்டை போட்டது. மூன்று மணிக்குப் புறப்பட்டது.

ருபெனைக் குனிந்து எதையும் தூக்க வேண்டாம் என்று சொல். யனினாவுக்கு அன்பு.

வில்மார்


மொந்தேவிதேயோ,
7 ஏப்ரல் 1987

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் நலமே. நீயும் உன் எறும்புகளும் நலமா? எறும்புக்கு ஒரு பக்கம், கூரைக்கு இரண்டு வரி, என் இருபத்திரண்டு பக்கத்துக்கு ஒரு நிறமும் ஒரு மணியும். உன்னைப்போல ஒரு விமரிசகன் இருந்தால் இந்த நாட்டில் யாருமே நாவல் எழுத மாட்டார்கள்.

செவ்வாய்க்கிழமைக் கதை எழுத்து வகுப்பு தொடங்கிவிட்டது. என் கூடத்தில் ஒன்பது பேர். பாதிப் பேர் என்னைவிட வயதானவர்கள். மாத்தே குவளை சுற்றி வரும், ஒருவர் வாசிப்பார். வாசித்தவர் அதற்குப் பிறகு வாய் திறக்கக் கூடாது. மற்ற எல்லோரும் பேசி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். விளக்கம் சொல்லக் கூடாது, தலையாட்டக்கூடக் கூடாது. நான் போட்ட சட்டம்தான். புத்தகத்தோடு கூடவே போய் ஒவ்வொரு வாசகன் காதிலும் விளக்கம் சொல்ல முடியாது, இல்லையா?

போன வாரம் ஒரு கூத்து. பெர்தோமோ என்று ஓய்வுபெற்ற நோட்டரி ஒருவர், தன் அக்காவைப் பற்றி எழுதி வாசித்தார். இந்த வாரம் அந்த அக்காவே கைப்பையோடு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“இவன் எழுதுனதுல நான் எப்பப் பார்த்தாலும் அழுதுட்டே இருக்கேனாமே டீச்சர். ஒரு தடவையாச்சும் கோவப்பட்டேன்னு எழுதச் சொல்லுங்க” என்றார்.

“அது நீங்க இல்லம்மா. அது கதைல வர்ற பொம்பள” என்றேன்.

“அப்ப அவ ஏன் என் செருப்பப் போட்டிருக்கா?”

எல்லோரும் சிரித்தார்கள். நான் விட்டுக்கொடுக்கவில்லை. எழுதுகிறவன் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, பார்த்ததை உண்மையாக எழுதினால் போதும் என்று சொல்லி, வழக்கம்போல நம் துறைக் காட்சியைத்தான் உதாரணமாகக் காட்டினேன். பதினைந்து வருஷமாக ஒவ்வொரு வகுப்புக்கும் அதைச் சொல்லி வருகிறேன்.

இப்போது நிஜமாகவே சொல், அத்தியாயம் எப்படி இருக்கிறது? ஹூலியோவைப் பிடித்திருக்கிறதா?

பதிலுக்குக் காத்திருக்கும்,
நிபியா


சால்தோ,
2 ஜூன் 1987

அன்புள்ள நிபியா,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. அறுவடை ஆரம்பித்துவிட்டதால் கடுதாசி எடுக்க நேரமில்லை. அம்மாவும் எலிடாவும் சுகம். இரண்டு நாள் உறைபனி விழுந்தது, ஆனாலும் பழம் தப்பித்தது. வெள்ளிக்கிழமை பஸ்ஸில் ஒரு பெட்டி ஆரஞ்சு அனுப்புகிறேன். அடியில் இருப்பவற்றை முதலில் சாப்பிடுங்கள்.

அத்தியாயம் நன்றாக எழுதப்பட்டிருக்கிறது. ஹூலியோவுக்குப் பதினைந்து வயது என்று போட்டிருக்கிறாய். எனக்கு அப்போது பதினேழு.

எல்லோருக்கும் அன்பு.

வில்மார்


மொந்தேவிதேயோ,
10 ஜூன் 1987

அன்புள்ள அண்ணனுக்கு,

ஆரஞ்சு வந்து சேர்ந்தது. ருபென் முதுகுவலியை மறந்து தானே பெட்டியை மாடிக்குத் தூக்கிவந்தார். எங்களுக்கு வேறு குறை இல்லை. அம்மாவைக் குளிரில் வெளியே விடாதே.

உன் கடிதம் என்னைக் கொஞ்சம் வருத்தியது. இரண்டு மாதம் கழித்து ஒரு வயதுத் திருத்தம். கோபமாக இருக்கிறாய் என்று தெரிகிறது. நான் அதற்குப் பழகியவள். நாவலாசிரியை இருக்கும் வீட்டில் எல்லோருக்கும் இந்தப் பயம் உண்டு. நான் பெற்ற யனினாகூட என்னிடம் ஏதாவது அந்தரங்கமாகப் பேச வேண்டுமென்றால் முதலில் என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொள்கிறாள். “இப்ப உன்னால எதையும் உத்துப் பாக்க முடியாதுல்ல, அப்பச் சொல்றேன்” என்பாள். பத்தொன்பது வயதுக்கு நல்ல புத்தி.

ஆனால் நீ அத்தியாயத்தைச் சரியாக வாசிக்கவில்லை என்று நினைக்கிறேன். தவறு செய்தவனை வெறுத்துக்கொண்டு எழுதினால் காகிதம்தான் வீண் என்று வகுப்பில் தலைபாடாக அடித்துக்கொள்கிறேன். ஹூலியோவை நான் வெறுத்து எழுதவில்லை. கடைசிப் பக்கத்தைத் திரும்பப் பார். தங்கை அவனை மன்னித்துவிடுகிறாள். நானும் உன்னை என்றைக்கோ மன்னித்துவிட்டேன், அண்ணா. இதை நேரில் சொல்லும் தைரியம் நமக்கு இல்லை, அதனால் நாவலில் சொன்னேன்.

அண்ணிக்கு என் அன்பு.

நிபியா


சால்தோ,
28 ஜூன் 1987

அன்புள்ள நிபியாவுக்கு,

அண்ணி எலிடா எழுதுவது. வீட்டில் யாருக்கும் காய்ச்சல் தலைவலி இல்லை, பயப்படாதே. வில்மாருக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

உன் பொட்டலம் வந்த அன்று அவர் அதைக் கொட்டகையில் நின்றபடியே வாசித்துவிட்டு, கொண்டுவந்து அலமாரி மேல் வைத்தார். போன வாரம் உன் பத்தாம் தேதிக் கடிதம் வந்தது. அன்று மேசையில் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். “அவ என்னை மன்னிச்சிட்டாளாம், எலிடா” என்று மட்டும் சொன்னார். அதிலிருந்து கொட்டகையிலேயே இருக்கிறார்.

அத்தைக்குக் கண்தான் மங்கல், காது அல்ல. “அலமாரி மேல இருக்கறத எடுத்து வாசி. அதுகிட்ட வந்தா ரெண்டு பேருக்கும் நடை நின்னு நின்னுதான் போகுது” என்றார். மறைக்க எனக்கு மனம் வரவில்லை. பட்டாணி உரித்துக்கொண்டே கேட்டார். வாசிப்பில் அந்த ஜன்னல் காட்சி வந்ததும் கையை நிறுத்தினார்.

“இரு. ஜன்னல்கிட்ட யாரு நிக்கறா?”

“நீங்கதான் அத்தை. அழுதுட்டு நிக்கறீங்க.”

“நான் எங்கடி நின்னேன்? பெட்டிய கட்டுனதே நான்தான். ரெண்டு வருஷமா வாரத்துக்கு ரெண்டு நாள் லாஞ்சுல போயி அவகிட்ட இருந்துட்டு வந்தான். ஒரு நாள் எல்லாத்தையும் மடிச்சு வெச்சு, ஒரேயடியாப் போய்க்கோன்னுட்டேன். சட்டைய எல்லாம் தேச்சுத்தான் வெச்சேன். கசங்குன சட்டையோட அனுப்பிட்டான்னு அக்கரைக்காரி பேசக் கூடாது பாரு.”

“அப்ப இவரு பெட்டி தூக்கிட்டுப் போனது?”

“நான்தான் அனுப்புனேன். கூடப் போயி ஏத்தி விட்டுட்டு வாடா, பாதி வழியில திரும்பிடப் போறான்னு சொன்னேன்.”

இத்தனை வருஷமாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“புருஷன் விட்டுட்டு ஓடிட்டான்னா தெரு முழுக்க இரக்கப்பட்டுத் தைக்கத் துணி குடுக்கும். புருஷன வெரட்டுனவன்னா குடுக்குமா? விவாகரத்துக்குச் சட்டம் இருந்துச்சு. ஆனா சட்டமா வந்து என்கிட்ட கவுன் தைக்கப் போகுது? சின்னவ பள்ளிக்கூடத்துல எல்லார்கிட்டயும் சொல்லிடுவா, அதான் அவகிட்டயும் சொல்லல. பெரியவன வாய மூடிக்கோன்னேன். மூடிக்கிட்டான்.” கொஞ்ச நேரம் பட்டாணியை உரித்தார். பிறகு சொன்னார்: “ஆனா இருவது பக்கம் அழ வெச்சிருக்காளே என்னை. எனக்கே பாவமா இருக்கு.”

கோபம் இருந்தால் என்மேல் கோபித்துக்கொள், அவர்மேல் வேண்டாம்.

எலிடா


மொந்தேவிதேயோ,
6 ஜூலை 1987

வில்மார்,

எல்லோரும் நலம். அண்ணி கடிதம் எழுதியிருக்கிறார், அவரைத் திட்டாதே.

முப்பத்தாறு வருஷம். ஒரு கிறிஸ்துமஸில், ஒரு கல்யாணத்தில், ஒரு சாவு வீட்டில்கூடச் சொல்லத் தோன்றவில்லையா உனக்கு? சின்னப் பெண்ணிடம் சொல்லவில்லை, சரி. நாற்பது வயதிலுமா நான் சின்னப் பெண்? நான் ஐந்து நாவல் எழுதியிருக்கிறேன், அண்ணா. ஐந்திலும் ஒரு பெண் ஜன்னலோரம் நிற்கிறாள். அம்மா எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அந்தப் பெண்கள் யாரோ என்று நினைத்து அவர்களுக்காக இரக்கப்பட்டிருக்கிறாள்.

ருபெனிடம் சொன்னேன். நிதானமாக மாத்தேயைக் குடித்து முடித்துவிட்டு, “உங்கம்மா கோவக்காரின்னு எனக்கு இருவத்தஞ்சு வருஷமாத் தெரியும். நீ கேக்கவே இல்லயே” என்றார். அவர்மேலும் கோபம்.

அந்த மன்னிப்பை எழுதியதற்கு வெட்கப்படுகிறேன். ஆனால் கோபமும் போகவில்லை. இரண்டையும் சேர்த்தே அனுப்புகிறேன்.

நிபியா


சால்தோ,
15 ஜூலை 1987

அன்புள்ள நிபியா,

எல்லோரும் சுகம். அறுவடை பாதி முடிந்தது.

எலிடாவைத் திட்டவில்லை. அம்மா சொல்லாதே என்றாள், சொல்லவில்லை. அதற்குமேல் ஒன்றும் இல்லை. உன் புத்தகத்தை எப்படி வேண்டுமோ அப்படி எழுதிக்கொள். அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

கொட்டகைக்குப் புதுக் கூரை போட்டாகிவிட்டது.

வில்மார்


மொந்தேவிதேயோ,
22 ஜூலை 1987

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நலம். நீ நலமாக இருப்பதாக எழுதுகிறாய், நான் நம்பவில்லை.

நேற்று வகுப்பில் ஏழாம் அத்தியாயத்தை நானே வாசித்தேன். முடித்துவிட்டு, இது தப்பு என்று ஆரம்பித்தேன். பெர்தோமோ கையை உயர்த்தி, “டீச்சர், வாசிச்சவங்க பேசக் கூடாது. நாங்க பேசறோம்” என்றார். என் சட்டம் என் வாயையே கட்டியது. நாற்பது நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். ஜன்னலைப் பாராட்டினார்கள், அம்மாவைப் பாராட்டினார்கள். கடைசியில் ஸோனியா என்று ஒரு பல் டாக்டர், வகுப்பில் அதிகம் பேசாதவர், “எனக்கு ஒண்ணுதான் புரியல. அந்தப் பையன் எதுக்குச் சிரிக்கறான்? அப்பா ஓடிப்போறாரு, கனமான பெட்டி வேற. யாரு சிரிப்பா? எழுதுனவங்களுக்கே தெரியலன்னு நினைக்கறேன்” என்றார்.

தெரியவில்லைதான். பதினைந்து வருஷமாக அந்தச் சிரிப்பைச் சொல்லிச் சொல்லி அதைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். ஒரே மூச்சில் வந்த அத்தியாயத்தைச் சந்தேகப்படுங்கள் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவள் நான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நான் வேண்டுமென்றே விட்ட ஒரு விஷயம் உண்டு. அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு நீ இல்லை. உன் தட்டை அம்மா இன்னொரு தட்டால் மூடி வைத்திருந்தாள். துறை நம் வீட்டிலிருந்து எட்டு நிமிஷ நடை, லாஞ்சு மூன்று மணிக்கு. நீ அத்தனை நேரம் எங்கே இருந்தாய்? எழுதும்போது அந்தத் தட்டு ஞாபகம் வந்தது. காட்சிக்குப் பொருந்தவில்லை என்று ஒதுக்கிவிட்டேன். இதைவிடப் பெரிய தப்பு எதுவும் நான் எழுத்தில் செய்ததில்லை.

பதிப்பாளரிடம் சொல்லிவிட்டேன்: உண்மையான ஏழாம் அத்தியாயம் வந்தால் புத்தகம் வரும், வராவிட்டால் வராது. உன்னைக் கட்டாயப்படுத்த இதை எழுதவில்லை. நீ சொல்லாவிட்டாலும் நீ என் அண்ணன்தான். புத்தகம் போனால் போகட்டும். சொல்வதானால் சொல். நான் குறுக்கே பேச மாட்டேன்.

நிபியா


சால்தோ,
19 ஆகஸ்ட் 1987

அன்புள்ள நிபியா,

அம்மா சுகம், எலிடா சுகம், பழம் எல்லாம் இறங்கிவிட்டது. இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதினேன். நீங்கள் எல்லாம் இதை எப்படித் தொழிலாகச் செய்கிறீர்களோ.

அம்மா பெட்டி கட்டியது நிஜம். ஏற்றிவிட்டு வா என்றதும் நிஜம். அம்மாவுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அவள் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்த பிறகு, கொல்லைப்பக்கம் கொண்டுபோய்ப் பட்டையை அவிழ்த்து, அப்பாவின் சட்டைகளுக்கு அடியில் என் இரண்டு சட்டையையும் பள்ளிச் சான்றிதழையும் வைத்தேன். நானும் அவரோடு போவது என்று முடிவு செய்திருந்தேன். அவரிடம் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது, நான் அவர் மகன்தானே என்று நினைத்தேன். வழியில் அவர் ஏதோ வேடிக்கையாகச் சொன்னார். நான் சிரித்தேன். போகிறோம் என்ற சந்தோஷத்தில் அவர் என்ன சொன்னாலும் சிரித்திருப்பேன். நீ பார்த்தது அதைத்தான்.

நான் துறையில் நிற்கவில்லை. நானும் ஏறினேன். பெட்டியைக் கொண்டுவந்து விடுகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். அக்கரையில் துறைக்கு எதிரே ஒரு காப்பிக்கடை. இரண்டு காப்பி சொன்னார். “திரும்புற லாஞ்சு எத்தன மணிக்கு?” என்று கேட்டார். நான் விஷயத்தைச் சொன்னேன். சர்க்கரை கரைந்த பிறகும் கலக்கிக்கொண்டே இருந்தார். அப்புறம் சொன்னார்: “அங்க ரெண்டே ரூம்புடா. அவளுக்கும் ஒரு பையன் இருக்கான்.” தரையிலேயே பெட்டியைத் திறந்து, என் சட்டைகளைத் தேடி எடுத்து, கசங்காமல் மடித்து, கடைக்காரனிடம் பழைய செய்தித்தாள் கேட்டு வாங்கிச் சுற்றிக் கொடுத்தார். தோளில் தட்டினார். போய்விட்டார். அவரை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

கடைசி லாஞ்சுவரை அந்தத் துறையில் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்தபோது அம்மா, “ஏறுனானா?” என்று கேட்டாள். “ஏறிட்டாரு” என்றேன்.

உனக்காகவும் அம்மாவுக்காகவும்தான் திரும்பி வந்தேன் என்று எழுத உனக்கு ஆசை வரும். எழுதாதே. அவர் வேண்டாம் என்றார், அதனால் வந்தேன். நான் அவருக்குத் துணை போனவன் என்று நீ நினைப்பது எனக்குத் தெரியும். அதை நான் திருத்தவில்லை. வேண்டாம் என்று அனுப்பப்பட்டவனாக இருப்பதைவிடத் துணை போனவனாக இருப்பது சௌகரியமாக இருந்தது. நேற்றுவரை எலிடாவுக்குக்கூடத் தெரியாது. அவள் கொட்டகைக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

எழுது. உங்களை எல்லாம் விட்டுவிட்டுப் போக ஆசைப்பட்டேன் என்று அப்படியே எழுது. பெயரை வேண்டுமானால் மாற்றாமல் விட்டுவிடு, ஹூலியோ எனக்குப் பிடிக்கவில்லை. புத்தகம் வந்ததும் அம்மா எலிடாவை வாசிக்கச் சொல்வாள். அந்தப் பக்கம் வரும்போது எலிடாவை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு நான் வாசிப்பேன்.

உன் அண்ணன்,
வில்மார்